கோழிக்கு முந்திய வாக்கியம்

அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்கள்:

தனியார் வகுப்புகள் நடக்கும் அந்த டியூட்டரியின் உரிமையாளர் ஒஸ்வால்ட், முன்வரிசை ஓரத்தில், கால்மேல் கால் போட்டபடி. முப்பது நாற்பது பிள்ளைகள், வாங்குகளில் நெருக்கியடித்து. அவர்களுடைய அம்மாக்கள், பின்னால், இதிலிருந்து புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஏதாவது வருமா என்ற யோசனையோடு. இரண்டு அப்பாக்கள்; ஒருவர் நித்திரை. ஷிஹான், தாங்கியில் பூட்டிய போனுக்குப் பின்னால், எல்லாவற்றையும் பேஸ்புக்கில் நேரலையாக அனுப்பிக்கொண்டு. அனுஷியா, மேசைக்கு முன்னால். மேசைமேல் ரிஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகையில் செதுக்கிய டி-ரெக்ஸ் மண்டையோடு. மேசைக்கடியில் துணியால் மூடிய ஒரு பிரம்புக்கூடை. கூடைக்குள் இருந்ததையும் இந்தக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் அது அங்கே இருப்பது அனுஷியாவுக்கு மட்டுமே தெரியும். கடைசியாக, கதவோரம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில், இரவு வேலை முடிந்து நேரே வந்திருந்த கஜேந்திரன்.

மண்டபம் கொட்டாஞ்சேனையில், ஒரு இரும்புக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. பிள்ளைகளை வரவழைத்தது ‘பல்லிக்காலம்’ என்ற பேஸ்புக் பக்கம். டைனோசர்களைப் பற்றித் தமிழில் எழுதும் பக்கம் அது. டைனோசர் பல்லி அல்ல என்று ஒவ்வொரு பதிவுக்கும் கீழே யாராவது ஒருவர் வந்து சொல்வார். கஜேந்திரன் அவருக்கு நன்றி சொல்வான். பெயரை மாற்ற மட்டும் மாட்டான்.

பக்கம் அவனுடையது. விலங்கியல் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு, வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்து, கொள்ளுப்பிட்டியில் ஒரு அழைப்பு நிலையத்தில் இரவு வேலைக்குச் சேர்ந்தவன். வெளிநாட்டுக்காரர்களின் காப்புறுதிச் சண்டைகளுக்கு ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்பதுதான் வேலை. இரண்டு அழைப்புகளுக்கு நடுவே மேசைக்கடியில் தொடைமேல் போனை வைத்து டைனோசர்களைப் பற்றி எழுதுவான். அதற்கென்று ஒரு கூட்டம் சேர்ந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு விதியும் சேர்ந்தது: பிழையைக் கண்டால் அந்த இடத்திலேயே திருத்தவேண்டும், பிறகு என்று ஒன்று கிடையாது. ஏனென்றால் ஒரு வாக்கியத்தை எவனாவது படம் பிடித்துக்கொண்டு போய்விடுவான். அதன்பின் அந்த வாக்கியம் தனியே, முன்னும் பின்னும் இல்லாமல், ஊர் சுற்றும். டி-ரெக்ஸின் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்காமல் கீழே பார்த்தபடி படம் போட்டவர்கள், இறகு இருக்கவேண்டிய இடத்தில் செதில் வரைந்தவர்கள், எல்லோரும் அந்த விதியால் அடிபட்டவர்கள். அடிபட்டவர்கள் பிறகு மற்றவர்களை அடித்தார்கள். குழு அப்படித்தான் வளர்ந்தது.

அனுஷியா வந்தது வேறு வழியால். வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடையில் நிற்பவள், கொட்டாஞ்சேனையில் வீடு. யாரோ ஒரு தாய் குழுவில் “ஸ்டெகோசரஸ் முதுகில் அந்தத் தட்டெல்லாம் எதற்கு என்று மகன் கேட்கிறான்” என்று எழுதியபோது கஜேந்திரன் நான்கு பந்தி விளக்கம் எழுதினான். அனுஷியா ஒரு குரல் பதிவு போட்டாள். அந்தப் பதிவு வட்ஸ்அப்பில் வீடு வீடாகப் போனது. பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டு சோறு தின்கிறார்கள் என்று அம்மாக்கள் எழுதினார்கள். நான்கு பந்தியைக் கேட்டுக்கொண்டு யாரும் சோறு தின்னவில்லை. கஜேந்திரனுக்கு அது கொஞ்சம் வலித்தது. ஆனால் கேட்பவர்களை எண்ணத் தெரியாதவன் அல்ல அவன்; மண்டபத்தில் பேச அவளைக் கேட்டது அவன்தான்.

ஒஸ்வால்ட் சொன்ன ஒப்பந்தம் எளிது. இந்தச் சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சி நன்றாகப் போனால் மாதம் ஒரு சனிக்கிழமை மண்டபம் பல்லிக்காலத்துக்கு. போகாவிட்டால் அந்த நேரம் அபாகஸ் வகுப்புக்காரருக்கு. கஜேந்திரனுக்கு அந்த மண்டபம் வேண்டும். இத்தனை வருடம் எழுதியும் தன்னைப் படிக்கிற ஒருவருடைய முகத்தை அவன் கண்டதில்லை. பகலில் தூங்கி இரவில் மன்னிப்புக் கேட்டு வாழ்கிறவனுக்கு, மாதம் ஒருமுறை மனிதர்கள் வந்து உட்காரும் ஒரு அறை என்பது சின்ன ஆசையில்லை.

அனுஷியா தொடங்கியதிலிருந்தே எல்லாம் நன்றாகத்தான் போனது. டி-ரெக்ஸின் மண்டையோட்டுக்குள் ஒரு பிள்ளையின் புத்தகப் பையைத் திணித்து, “இதுதான் அது ஒரு வாய்க்கு விழுங்குறது, உங்க ஹோம்வேர்க்கோட” என்றாள். பையின் சொந்தக்காரன் சந்தோஷப்பட்டான். பின்னாலிருந்த அப்பாக்களில் நித்திரையானவர் விழித்துக்கொண்டார்.

அர்பா என்ற சிறுமி, இரண்டாம் வாங்கில் இருந்தவள், எழுந்து நின்று கேட்டாள்.

“டீச்சர், எங்கட நாட்டுல டைனோசர் இருந்திச்சா?”

கஜேந்திரன் கதிரையில் நிமிர்ந்தான். பொய் சொல்ல எல்லோரும் ஆசைப்படும் இடம் அது.

“நடந்து திரிஞ்சிருக்கும்னு நினைக்கிறோம்” என்றாள் அனுஷியா. “ஆனா எலும்பு ஒண்ணும் இதுவரைக்கும் கிடைக்கல. ஏன்னு சொல்லவா? நம்ம நாட்டுக் கல்லுல முக்காவாசி டைனோசர் வர்றதுக்கு ரொம்ப முன்னாலயே வெந்து இறுகின கல்லு. சட்டியில கருகிப்போன ரொட்டி மாதிரி. அதுக்குள்ள தேடி என்ன பண்ண? புத்தளம் பக்கம் மட்டும் கொஞ்சம் டைனோசர் காலத்துக் கல்லு இருக்கு. அதுல இலைங்க பதிஞ்சிருக்கு. இலை இருந்தா?”

“அத திங்கிறதும் இருந்திருக்கும்” என்றாள் அர்பா.

“தேடினாத்தான் தெரியும். நீங்க பெரிசாகித் தேடுங்க.”

திருத்த ஒன்றும் இல்லாமல் கஜேந்திரன் சாய்ந்துகொண்டான். இப்படி அவன் எழுதியிருந்தால் எட்டுப் பந்தி வந்திருக்கும்.

பிறகு அவள் விண்கல்லுக்கு வந்தாள். குரலைத் தணித்தாள். வானத்தில் இரண்டாவது சூரியன் மாதிரி ஒன்று வந்ததைச் சொன்னாள். தீயைச் சொன்னாள், பிறகு புகை மூடிய இருட்டை, இருட்டில் செடி வாடியதை, செடி தின்றது விழுந்ததை, அதைத் தின்றதும் விழுந்ததைச் சொன்னாள். வாங்குகளில் அசைவில்லை. ரிஜிபோம் மண்டையோட்டின் மேல் கையை வைத்தாள்.

“எல்லாம் செத்துப் போச்சு” என்றாள். “ஒண்ணு மிச்சமில்ல.”

நிறுத்தினாள். பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அர்பாவின் கீழுதடு பிதுங்கிக்கொண்டு வந்தது. அனுஷியாவின் வலது கால் மேசைக்கடியில் மெதுவாக எதையோ தேடியது.

கஜேந்திரன் அந்தக் காலைப் பார்க்கவில்லை. அவன் பார்த்தது ஷிஹானின் போனை. அந்த வாக்கியம் இப்போது வெளியே போய்க்கொண்டிருந்தது. பல்லிக்காலத்தின் பெயரோடு, பல்லிக்காலத்தின் மேசையிலிருந்து, ஒண்ணு மிச்சமில்ல என்று. பறவைகள் டைனோசர்கள் என்பதைத் தமிழில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிய பக்கம் அது. எவனாவது இந்நேரம் வெட்டி எடுத்திருப்பான். அவனுடைய முழங்கால்கள் அவனிடம் கேட்காமலே நிமிர்ந்தன.

“அது பிழை” என்றான்.

நாற்பது தலைகள் பின்னால் திரும்பின.

“மன்னிக்கவேணும். எல்லாம் சாகேல்லை. பறவையல்லாத டைனோசர்கள் எண்டு சொல்லவேணும். பறவைகள் டைனோசர்கள்தான். காகம், கோழி எல்லாம் டைனோசர்தான். இது முக்கியமான விசயம், அதான் சொல்லுறன்.”

அனுஷியாவின் கால் நின்றது.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் போனுக்குப் பின்னால் இருந்தவனும் அதே குழுவில் வளர்ந்தவன்.

“மச்சான், நீ செல்றதும் முழுசாச் சரியில்ல” என்றான் ஷிஹான். “பறவை எண்டா எங்கயிருந்து கணக்கு? அந்தப் பாதிப்பறவை ஆர்க்கியோப்டெரிக்ஸையும் உள்ளுக்குப் போடுறியா?”

“அதை ஏன் இப்ப இழுக்கிறாய்?”

“நீதானே இழுத்த. பறவையல்லாத எண்டு செல்ல முந்தி பறவை எது எண்டு செல்லணுமே. சும்மா பறவை எண்டா புள்ளைகளுக்கு எப்பிடி வெளங்கும்?”

“தற்காலப் பறவைகளின்ர பொது மூதாதையில இருந்து எடு.”

“அப்ப அந்த நேரம் செத்த மத்தப் பறவையெல்லாம்? பல்லோட ஈந்த பறவைகள்?”

“அதுகள் வேற கதை.”

“பாத்தியா, இப்ப நீயே வேற கதை எண்டு செல்ற.”

இரண்டு பேரும் சொன்னது சரி. இரண்டு பேருக்கும் அது சந்தோஷமாகவும் இருந்தது; குழுவில் தினமும் நடப்பதுதான். அங்கே இந்தமாதிரி ஒரு சண்டைக்கு இருநூறு பேர் வந்து நிற்பார்கள். இங்கே ஒரு அம்மா கைப்பைக்குள் பஸ்காசைத் தேடினாள். ஒரு சிறுவன் “அப்ப கோழியும் டைனோசரா?” என்று அடுத்தவனிடம் கேட்டான், அடுத்தவன் “அந்த அங்கிள் சொன்னாரே” என்றான், அதோடு அந்த வியப்பு தீர்ந்தது. ஒஸ்வால்ட் கால்மேல் போட்டிருந்த காலை எடுத்துக் கீழே வைத்தார்.

அனுஷியா கூடையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள்.

“அண்ணா சொன்னது சரி பிள்ளைங்களா” என்றாள். “வந்ததுக்கு நன்றி. இறங்கும்போது தள்ளாம இறங்குங்க.”

ஆட்கள் போனபின் ஒஸ்வால்ட் கஜேந்திரனிடம் வந்தார். கோபம் ஒன்றும் இல்லை.

“தம்பி, நான் இருவத்தஞ்சு வருசமா டியூட்டரி நடத்துறேன். பிள்ளை அழுதாலும் எனக்குச் சரி, சிரிச்சாலும் சரி. வாயப் பிளந்து கொட்டாவி விட்டா, தாய் அடுத்த மாசம் அனுப்பாது. அபாகஸ்காரரை வரச் சொல்லப் போறேன். மனசில வச்சுக்காதீங்க.”

படியில் அனுஷியா கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கஜேந்திரன் பின்னால் போனான்.

“நீர் அந்த வசனத்தை அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றான். “லைவ் போகுது எண்டு தெரியும்தானே.”

அவள் ஒரு படியில் நின்று துணியை விலக்கிக் காட்டினாள். சிவப்பு நிறத்தில் ஒரு நாட்டுக்கோழி. கழுத்தை ஒருபக்கம் சாய்த்து அவனைப் பார்த்தது. காலில் செதில், விரலில் நகம், அவன் எத்தனையோ பதிவுகளில் அம்புக்குறி போட்டுக் காட்டியவை எல்லாம் அங்கே இருந்தன.

“கீழ் வீட்டு ஸமீமா ஆன்ட்டியோட கோழி” என்றாள் அவள். “நேத்துல இருந்து கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். எல்லாம் செத்துப் போச்சுன்னு சொல்லி, பிள்ளைங்க நல்லா அழுகிற நேரம், இத மேசைமேல வைக்கணும். ஒண்ணே ஒண்ணு தப்பிச்சிருச்சுன்னு.”

“எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே” என்றான்.

“சொல்லியிருந்தா மட்டும்? ‘ஒண்ணே ஒண்ணு இல்ல, பத்தாயிரம் இனம்’னு எழும்பியிருப்பீங்க.”

அவள் இறங்கிப் போனாள். கூடையிலிருந்து ஒரு கொக்கரிப்பு, பிறகு தெருவின் சத்தம்.

வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில் கஜேந்திரன் போனைத் திறந்தான். ஷிஹான் அந்தப் பகுதியை வெட்டிப் போட்டுவிட்டான். ‘நேரலையில் பிழையைப் பிடித்த அட்மின்’ என்று தலைப்பு. பல்லிக்காலத்தில் வேறு எதுவும் அந்த வேகத்தில் ஓடியதில்லை. சென்னையிலிருந்து பகிர்ந்தார்கள், டொரண்டோவிலிருந்து பகிர்ந்தார்கள். “இதுதான் அறிவியல் நேர்மை.” “சொந்த ஆளையே விடவில்லை, சபாஷ்.” கோட்டைச் சந்தியில் பஸ் நெரிசலில் நின்ற நேரம் முழுவதும் அவன் அவற்றை வாசித்தான். சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. நன்றாகவே சந்தோஷமாக இருந்தது. பஸ் கொள்ளுப்பிட்டியைத் தாண்டியபோது அவற்றுக்கு நடுவில் ஒரு பெண் எழுதியிருந்ததைக் கண்டான். அர்பாவின் தாய்.

“மகள் அர்பா வீட்டுக்கு வந்து அந்த டீச்சர் மேசைக்குக் கீழே என்ன வைத்திருந்தார் என்று கேட்கிறாள். மீதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார்களாம். மீதி என்ன?”

கஜேந்திரன் பதில் எழுதத் தொடங்கினான். பறவைகளின் இடுப்பெலும்பில் தொடங்கி மூன்று பந்தி எழுதினான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளை கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது பம்பலப்பிட்டியில் தெரிந்தது. அழித்துவிட்டான். கோழி என்று ஒரு சொல் எழுதிப் பார்த்தான். அதையும் அழித்தான். அதை எழுதினால் மறுபடியும் அதே வேலையைத்தான் செய்ததாக ஆகும்.

திங்கட்கிழமை பின்னேரம், வேலைக்குப் போக முன், சேலைக் கடைக்குப் போனான். அனுஷியா ஒரு தாய்க்கும் மகளுக்கும் கூறைச் சேலை காட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு ஓரமாக நின்றான்.

அவள் முதலில் விரித்தது மங்கலான அரக்கு நிறம். தாயின் முகம் சுருங்கியது. “கல்யாணத்துக்கா இது?” என்றாள். அனுஷியா மறுக்கவில்லை. “இந்த விலைக்கு இதுதாங்க வருது” என்று சொல்லி இன்னொன்றை விரித்தாள், அது முதலாவதைவிட மோசம். மகள் கைத்தொலைபேசியை எடுத்துவிட்டாள். எழும்பப் போகிறார்கள் என்று தோன்றிய நேரத்தில் அனுஷியா, யோசிப்பவள்போல, பின்னால் திரும்பி மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் உருட்டிவிட்டாள். சிவப்பும் பொன்னும் மேசை நீளத்துக்கு ஓடின. மகள் போனை வைத்தாள். தாய் கரையைத் தடவினாள்.

‘இந்த விலைக்கு இதுதான் வருது’ என்பது பொய். பக்கத்தில் நின்று அதைத் திருத்தியிருந்தால் அவர்கள் ஒன்றும் வாங்காமல் போயிருப்பார்கள். குழுவில் ஒவ்வொரு வாக்கியமும் தனியாகத்தான் நிற்கிறது, தனியாகத்தான் சரியாக இருக்கவேண்டும். ஒரு அறைக்குள் அப்படி இல்லை. அங்கே ஒரு வாக்கியம் அடுத்ததுக்காகக் காத்திருக்கலாம். இவ்வளவுதான் விஷயம், இதைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு மண்டபம் செலவாகியிருந்தது.

அவர்கள் போனபின் மேசைக்கு வந்தான்.

“சேலையா?” என்றாள் அவள்.

“இல்லை. நான் ஒஸ்வால்டோட கதைக்கப் போறன். நீர் திரும்பச் செய்வீரா?”

அவள் அரக்குச் சேலையை மடித்தாள். “லைவ் இருக்கக்கூடாது. ஷிஹான் அண்ணா வரட்டும், போன் கீழ கடையில இருக்கட்டும். அவரு போன் இல்லாட்டி வாயத் திறக்கமாட்டாரு.”

“ஓம்.”

“நீங்களும் உள்ள இருக்கக்கூடாது.”

“நான் கதைக்கமாட்டன்.”

“கதைப்பீங்க அண்ணா.” சாதாரணமாகச் சொன்னாள், கடையில் இல்லாத நிறத்தைக் கேட்டவருக்குச் சொல்வதுபோல.

பக்கம் என்னுடையது என்று அவன் சொல்லியிருக்கலாம். பெயர், கூட்டம், அந்தச் சனிக்கிழமைக்கு வந்த பிள்ளைகள், எல்லாம் அவன் சேர்த்தவை. சொல்ல வாயெடுத்தான். ஆனால் தன் முழங்கால்களை அவனுக்குத் தெரியும். மண்டபம் வேண்டுமா, மண்டபத்துக்குள் தான் வேண்டுமா என்று பார்த்தால், இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

“சரி” என்றான்.

ஒஸ்வால்ட் தொலைபேசியில் கொஞ்ச நேரம் இழுத்தடித்தார். அபாகஸ்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பிறகு, “அந்தப் பிள்ளை மட்டும் எண்டா ஒருக்காப் பாப்பம். நீங்க வேணாம் தம்பி, குறை நினைக்காதீங்க” என்றார். இரண்டு பேரும் ஒரே நிபந்தனையைச் சொன்னது அவனுக்குக் கசந்தது. கசந்தபடியே அர்பாவின் தாய்க்கு எழுதினான்: “மீதி அடுத்த சனிக்கிழமை. நேரில் மட்டும்.”

அந்தச் சனிக்கிழமை கஜேந்திரன் ஒரு பெரிய கயிற்றுச் சுருளோடு படியேறினான். நீளக்கழுத்து டைனோசர் ஒன்று தலையிலிருந்து வால்வரை எவ்வளவு என்று பிள்ளைகள் பிடித்து நிற்பதற்கு அனுஷியா கேட்ட கயிறு. புறக்கோட்டையில் வாங்கி, இடையிடையே சிவப்புத் துணி கட்டி, கழுத்து எங்கே முடிகிறது, இடுப்பு எங்கே என்று அடையாளம் வைத்திருந்தான். அளவுகளை மூன்று இடத்தில் சரிபார்த்திருந்தான்.

மண்டபத்தில் போன தடவையைவிடக் குறைவான ஆட்கள். அர்பா வந்திருந்தாள், முன்வாங்கில். அனுஷியா மேசைக்குக் கீழே எதையும் வைக்கவில்லை. இந்தமுறை மேசையே இல்லை.

“கோழி?” என்று மெல்லக் கேட்டான்.

“கோழியும் டைனோசர்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே. வீடியோவைப் பார்க்காத ஆள் யாரு?” கயிற்றை வாங்கித் தோளில் போட்டாள். “இன்னைக்கு வேற வச்சிருக்கேன். மூணு பொய் சொல்லப் போறேன்.”

“என்ன பொய்?”

“சொன்னா நீங்க படியிலயே விழுந்துருவீங்க.”

“பெரிசா?”

“ரெண்டாவது பெரிசு.”

அவன் சுற்றிப் பார்த்தான். ஷிஹான் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுவரோரம் நின்றான். ஒஸ்வால்ட் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, இன்னும். கதவோரம் அதே பிளாஸ்டிக் கதிரை காலியாக இருந்தது. ஒரு அம்மா அதைக் காட்டி, “தம்பி, இதுல ஆள் இருக்கா?” என்று கேட்டாள்.

“இல்லை அக்கா, இருங்கோ” என்றான்.

அவள் உட்கார்ந்தாள். அனுஷியா பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்றாள். பேச்சுச் சத்தம் அடங்கத் தொடங்கியது.

“அப்ப, பிள்ளைங்களா” என்றாள், “உலகத்திலேயே மிகப் பெரிய டைனோசர் எது தெரியுமா? நான் அத நேர்ல பார்த்திருக்கேன்.”

கஜேந்திரனின் வாய் திறந்தது. அவன் வாசலைத் தாண்டி வெளியே படியில் கால் வைத்தான். அனுஷியா பேச்சை நிறுத்தாமலே நடந்து வந்து, அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, உள்ளே கொண்டியைப் போட்டாள்.